கை மறைத்ததைக் காணும் கண்

(பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அறிவியல் தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மேசைமேல் மூன்று பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒரு மரப்பாச்சி பொம்மை, ஒரு எவர்சில்வர் டம்ளர், தூரத்தை அளக்கும் ஒரு டெப்த் கேமரா. பொம்மை ஒரு சாண் உயரம்கூட இருக்காது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகளாக எங்களைப் படாதபாடு படுத்திய பொம்மை இது. நான் இன்று சொல்ல வந்ததில் பாதியை இதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதைத் தமிழில் மிகை மெய்ம்மை என்கிறோம். கண்முன் இருக்கும் உலகத்தை மறைக்காமல், அதன்மேல் கணினி வரைந்த உருவத்தைச் சேர்த்துக் காட்டும் கலை. 1968இல் இவான் சதர்லேண்ட் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கியது. போட்டுக்கொண்டவர் தலையைத் திருப்பினால், காற்றில் நிற்கும் கோட்டுருவமும் அதற்கேற்பத் திரும்பியது. இன்று நாம் வழங்கும் பெயர் 1990களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பிறந்தது. விமானத்துக்கான ஒயர்களை அடுக்கிக் கட்டும் தொழிலாளிக்கு, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும் என்று டாம் காடெல், டேவிட் மிசெல் என்ற இருவர் யோசித்தார்கள். இந்தப் பெயர் பிறந்ததே கைவேலை செய்கிறவனுக்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த காட்சிகளில் பெரும்பாலும் கை காணாமல் போய்விட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காற்றில் விரலைச் சொடுக்குகிறோம், வெறும் காற்றைக் கிள்ளுகிறோம். எதிரே அழகான வாள் மிதக்கிறது. எட்டிப் பிடித்தால் உள்ளங்கையில் எதுவும் இல்லை. எடை இல்லை, விளிம்பு இல்லை, சூடோ குளிர்ச்சியோ இல்லை. கண் நம்புகிறது, கை நம்ப மறுக்கிறது. பத்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது. கையில் நிஜமாக ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் இந்தப் பிணக்கு தீர்ந்துவிடும். அந்தக் கைப்பொருள் எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் கணினிக்குத் தெரிந்தால், ஒரு கம்பை வாளாகவும் ஒரு கட்டையைக் கட்டடமாகவும் காட்டிவிடலாம்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1994ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கென் ஹிங்க்லியும் அவருடைய தோழர்களும் மூளை அறுவை மருத்துவர்களுக்காக ஒரு கருவி செய்தார்கள். நோயாளியின் மூளை ஸ்கேன் திரையில் முப்பரிமாணமாக இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வேண்டிய இடத்தில் வெட்டி உள்ளே பார்க்க வேண்டும். மௌசை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. ஹிங்க்லி குழுவினர் மருத்துவரின் ஒரு கையில் ஒரு பொம்மைத் தலையையும், இன்னொரு கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகட்டையும் கொடுத்தார்கள். பொம்மைத் தலையைத் திருப்பினால் திரையில் மூளை திரும்பும். தகட்டைத் தலையருகே எந்தக் கோணத்தில் வைக்கிறார்களோ அந்தக் கோணத்தில் மூளை வெட்டுப்பட்டு உள்பக்கம் தெரியும். மருத்துவர்களுக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கையில் எடுத்ததுமே பிடிபட்டுவிட்டது. ஒரு கை தாங்க, இன்னொரு கை வேலை செய்வது நாம் தேங்காய் துருவுவதிலிருந்து பூத்தொடுப்பது வரை பழகிய முறைதானே!

ஆனால் அந்தப் பொம்மைத் தலைக்குள் காந்தப்புலத்தை உணரும் ஒரு சிறு கருவி இருந்தது, அதிலிருந்து ஒயர் நீண்டது. அந்த ஒயரைக் கழற்றுவதற்குத்தான் அடுத்த பல ஆண்டுகள் செலவாயின. 1999இல் ஹிரோகாசு காட்டோ, மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் ஆகியோரின் ஏ.ஆர். டூல்கிட் வந்தது, பொருளின்மேல் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி ஒட்டினால் சாதாரணக் கேமராவே அதைப் பின்தொடரும். அறுவை அரங்குகளில் கருவிகளின்மேல் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை மாட்டினார்கள், இன்றும் மாட்டுகிறார்கள். இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டிலும் பொருளுக்கு வேடம் போட வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கரைக் கட்டைவிரல் மறைத்தால் ஆட்டம் முடிந்தது.

பொருள் பொருளாகவே இருக்கட்டும், பார்க்கிற கண் மேம்படட்டும் என்ற ஆசைக்கு வழி திறந்தது 2010 நவம்பரில். மைக்ரோசாஃப்டின் கினெக்ட், வீடியோ கேம் விளையாட்டுக்கான துணைக்கருவியாக, 150 டாலருக்குக் கடைக்கு வந்தது. உள்ளே இருந்த நுட்பம் இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்துடையது. வெளிவந்த ஒரு வாரத்துக்குள் ஹெக்டர் மார்ட்டின் என்பவர் அதைச் சாதாரணக் கணினியோடு இணைக்கும் நிரலை எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதுவரை பெரும் செலவு பிடித்த டெப்த் கேமரா, திடீரென்று ஒவ்வொரு மாணவன் மேசைக்கும் வந்தது. அந்த நாட்களின் பரபரப்பை நேரில் அனுபவித்தவன் நான். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் விளக்கெரியும்.

அது எப்படிப் பார்க்கிறது? முதல் கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் அறை முழுக்கத் தெளிக்கும். புள்ளிகள் தெளிக்கப்படும் இடத்துக்கும் பார்க்கும் கேமராவுக்கும் இடையே ஏழெட்டு சென்டிமீட்டர் விலகல் உண்டு. சுவர் தள்ளிப் போனால் புள்ளி ஒரு பக்கம் நகரும், கிட்டே வந்தால் மறுபக்கம். அந்த நகர்விலிருந்து முக்கோணக் கணக்குப் போட்டு தூரம் தெரிந்துகொள்கிறது. ஒரு வினாடிக்கு 30 முறை. இதில் ஒரு பலவீனம் உண்டு: தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். ஒரு மீட்டரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகும் கருவி, ஐந்து மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் வரை பிசகும்.

2013இல் வந்த இரண்டாம் கினெக்ட் வழியை மாற்றிக்கொண்டது. மேசைமேல் இருக்கும் இந்தக் கேமராவும் அந்த வகைதான். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். இந்தப் பொம்மை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததைத் தெரிந்துகொள்ள, ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் 67 பங்கு வேறுபாட்டை உணர வேண்டும். நேரடியாக அளப்பது கடினம் என்பதால், ஒளியை அலையலையாகக் கூட்டிக் குறைத்து அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். என் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் இப்படியொரு கணக்கு ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சரி, இப்போது திரையைப் பாருங்கள். கேமராவுக்கு முன்னால் டம்ளரை வைக்கிறேன். மேசை தெரிகிறது, என் கை தெரிகிறது, டம்ளர் இருக்கும் இடத்தில் ஓட்டை. பளபளப்பான உலோகம் ஒளியைக் கேமராவுக்குத் திருப்பாமல் வேறு திசைக்கு அனுப்பிவிடுகிறது. கண்ணாடிக் குவளையானால் ஒளி உள்ளே புகுந்து வெளியேறிவிடும். ஸ்கேன் எடுப்பவர்கள் இத்தகைய பொருள்கள்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்துவிட்டு எடுப்பார்கள். நம் சமையலறையில் பாதிப் பாத்திரங்கள் எவர்சில்வர். வீட்டுக்கு வரப்போகும் எந்தக் கருவியும் இந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும். பொடி தூவிய டம்ளரில் யாரும் காபி குடிக்க மாட்டார்கள்.

மரப்பாச்சிக்கு வருவோம். மரம் ஒளியை ஒழுங்காகத் திருப்பித் தரும். கேமராவுக்கு இது சில ஆயிரம் புள்ளிகள் சேர்ந்த கூட்டம். இதன் முழு உருவத்தை முன்பே ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறோம். உடைந்த பானையின் ஓட்டுத் துண்டை எடுத்து எங்கே பொருந்துகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போமில்லையா, கணினி செய்வதும் அதுதான். தெரிகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரி உருவத்தில் மிக அருகில் உள்ள புள்ளியைத் தேடும்; எல்லா இடைவெளிகளும் குறையும்படி உருவத்தைக் கொஞ்சம் திருப்பும், கொஞ்சம் நகர்த்தும்; மறுபடி தேடும். 1992இல் பெஸ்ல், மெக்கே ஆகிய இருவர் விளக்கி எழுதிய முறை இது. மூன்று திசை நகர்வு, மூன்று வகைச் சுழற்சி, ஆக ஆறு எண்கள் கிடைத்துவிட்டால் பொம்மை இருக்கும் கோலம் முழுதும் தெரிந்துவிடும். பிறகு திரையில் அதற்குக் கணினி ஒரு பட்டுப்பாவாடையை வரைந்து கட்டிவிடும்.

இந்தத் தேடல் போன சட்டகத்தின், அதாவது கேமரா இதற்கு முன் எடுத்த படத்தின், விடையிலிருந்துதான் தொடங்கும். ஒரு வினாடிக்கு 30 சட்டகம். கையை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், சாதாரண வேகம்தான், இரண்டு சட்டகங்களுக்கு இடையில் பொம்மை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். இதன் இடுப்பே நான்கு சென்டிமீட்டர்தான். கொஞ்சம் விசையாக ஆட்டினால் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் தொடர்பே இருக்காது. கணினி பக்கத்தில் கிடைத்த என் முழங்கையைப் பொம்மை என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை என் முழங்கைக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருக்கிறது தெரியுமா!

அடுத்த சிக்கல் எங்களை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. பொம்மை திரையில் அடிக்கடி முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. மரப்பாச்சியின் செதுக்கலைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே தட்டை. மூக்கு மூன்று மில்லிமீட்டர் மேடு. கேமராவின் பிழையும் அந்த அளவு. ஆழத்தை மட்டும் நம்பினால் முகத்துக்கும் பிடரிக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. பாட்டிலானால் இன்னும் மோசம். தன் அச்சில் சுற்றினால் உருவத்தில் மாற்றமே இராது. எங்கள் குழு மாணவி ஒருத்தி, வீட்டில் செய்வதுபோல, பொம்மையின் நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வைத்து, இரண்டு கண்ணும் எழுதினாள். ஆழப் படத்தோடு வண்ணப் படத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி நிரலை மாற்றினோம். பொம்மை அன்றோடு திரும்பி நிற்பதை விட்டது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் முகம் வரைந்த அதே இடம்தான் கணினிக்கும் வேண்டியிருந்தது.

உருவத்தையும் வண்ணத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த யோசனை எங்களுடையதில்லை. 2012இல் ராபர்ட் ஹெல்ட், அங்கித் குப்தா, பிரையன் கர்லெஸ், மனீஷ் அகர்வாலா ஆகியோர் '3டி பப்பெட்ரி' என்ற பெயரில் இதைச் செய்து காட்டியிருந்தார்கள். கினெக்ட் முன்னால் பொம்மைகளைக் கையில் வைத்து ஆட்டினால் அவை திரையில் அனிமேஷன் படமாக ஓடும். அனிமேஷனில் முன்அனுபவமே இல்லாதவர்கள் அதை வைத்துக் கதை சொல்லும் குறும்படங்கள் செய்தார்கள். படம் வரையத் தெரியாது, கணினி மென்பொருள் தெரியாது. பொம்மையை வைத்து விளையாடத் தெரியும், அவ்வளவுதான். இந்தத் துறையில் நான் படித்த கட்டுரைகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது அது.

இப்போது கைக்கு வருகிறேன். கைப்பொருள் என்றால் கை அதை மறைக்கத்தான் செய்யும். பிடிப்பது என்றாலே மூடுவதுதான். ஆகவே கேமராவுக்குக் கிடைக்கும் புள்ளிகளில் எது விரல், எது பொருள் என்று பிரிக்க வேண்டும். பலரும் எடுத்த எளிய வழி தோல் நிறத்தை வைத்து கையைக் கழித்துவிடுவது. நாங்களும் செய்தோம். எங்கள் ஐந்து பேரின் கையும் பொம்மையின் செம்பழுப்பு மரமும் டியூப்லைட் வெளிச்சத்தில் கேமராவுக்கு ஒன்றாகவே தெரிந்தன. கையோடு சேர்த்துப் பாதிப் பொம்மையையும் நிரல் எறிந்துவிட்டது. தோல் நிறத்தைப் பற்றிய அனுமானத்தை நிரலுக்குள் எழுதுகிறவர்கள், யாருடைய தோலை நினைத்து எழுதுகிறோம் என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும் என்பதை அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒருவழியாக எல்லாம் சரிசெய்து, நிரல் நன்றாக ஓடுகிறது என்ற நிறைவில் இருந்தபோது, சக ஊழியர் ஒருவரின் மகள், ஐந்து வயது, ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பொம்மையைக் கொடுத்தோம். வாங்கியதும் முழுக்கையாலும் அமுக்கிப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். திரையில் பொம்மை துடித்துவிட்டு மறைந்துபோனது. "பாப்பா, அப்படிப் பிடிக்கக் கூடாது, காலைப் பிடிச்சுக்கோ" என்றான் எங்கள் மாணவன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நானும் மற்ற நால்வரும் அத்தனை மாதமாகப் பொம்மையின் அடிப்பாகத்தை இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டிருந்தோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கேமரா தொலைத்துவிடக் கூடாதே என்று எங்கள் கைகள் தாமாகவே அப்படிப் பழகிவிட்டன. கேமராவைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு எங்கள் கையைப் பழக்கியிருந்தோம். பொம்மையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது அந்த அறையில் அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு கையைக் கழிப்பதை நிறுத்திவிட்டோம். கையையும் சேர்த்துப் படிப்பதே சரியான வழி. கிரேக்கத்தின் கிரீட் தீவில் உள்ள ஃபோர்த் ஆய்வு நிறுவனத்தில் ஓய்கோனோமிடிஸ், கிரியாசிஸ், அர்கிரோஸ் மூவரும் 2011லேயே இதைச் சொன்னார்கள். மனிதக் கைக்கு அவர்கள் கணக்கில் 26 வகை அசைவு, பொருளுக்கு ஆறு. இரண்டையும் தனித்தனியாகத் தேடாமல் சேர்த்தே தேடினால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும். ஒரே இடத்தில் விரலும் பொருளும் இருக்க முடியாது. விரல்கள் வளைந்திருக்கும் விதமே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும்: பேனா பிடித்த கை வேறு, டம்ளர் பிடித்த கை வேறு. ஜெர்மனியின் சார்ப்ருக்கன் நகர மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2016இல் ஒரே ஒரு டெப்த் கேமராவை வைத்து இதை உடனுக்குடன் செய்து காட்டினார்கள். மறைப்பை இடையூறாகப் பார்த்தவரை நாங்கள் முட்டிக்கொண்டிருந்தோம். அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்ட பிறகு, குழந்தை அணைத்த பொம்மையின் தலையும் காலும் மட்டும் தெரிந்தாலும் நிரல் அதை விடாமல் பிடித்தது.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வழியாக உங்கள் நிஜக் கையை உடனே பார்க்கிறீர்கள். கணினி வரைந்த உருவம் 50 மில்லி வினாடி கழித்து வந்தால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது ஐந்து சென்டிமீட்டர் பின்தங்கி இழுபடும். வேகமாக விடை சொன்னால் உருவம் நடுங்கும். நடுக்கத்தைத் தணிக்கச் சராசரி எடுத்தால் உருவம் பின்தங்கும். 2012இல் கேசியே, ருஸெல், வோகெல் மூவரும் 'ஒரு யூரோ ஃபில்டர்' என்று ஒரு சிறு வடிகட்டியைத் தந்தார்கள். கை மெதுவாக அசையும்போது நடுக்கம்தான் கண்ணை உறுத்தும், வேகமாக அசையும்போது தாமதம்தான் உறுத்தும். ஆகவே வேகத்துக்கேற்ப வடிகட்டலைக் கூட்டிக் குறைப்போம் என்றார்கள். சில வரி நிரல்தான். மனிதக் கண்ணை இவ்வளவு நுட்பமாகக் கவனித்து எழுதிய சில வரிகள் எத்தனை பெரிய வேலை செய்கின்றன!

விரல்களை உருவத்துக்கு முன்னால் காட்டுவதும் டெப்த் கேமராவின் கொடைதான். ஒவ்வொரு புள்ளியிலும் விரல் கிட்டே இருக்கிறதா, பொம்மை கிட்டே இருக்கிறதா என்று அதற்குத் தெரியும். விரல் முன்னால் இருந்தால் அங்கே பட்டுப்பாவாடையை வரையாமல் விட்டுவிடும். இது ஒன்று தவறினால், விரல்மேல் படம் ஒட்டியதுபோல் ஆகி, கையில் பிடித்திருக்கும் உணர்வே போய்விடும்.

இப்போது இயந்திரக் கற்றல்முறைகள் வந்து நிலைமையை மாற்றிவிட்டன. 2015இல் யேல், கார்னகி மெலன், பெர்க்லி பல்கலைக்கழகத்தார் சேர்ந்து ஒய்.சி.பி. என்ற பொருள்தொகுதியை உருவாக்கினார்கள். அதில் கடுகு சாஸ் பாட்டில், பிஸ்கட் பெட்டி, சர்க்கரைப் பெட்டி, டிரில்லிங் மெஷின் எல்லாம் உண்டு. அமெரிக்கச் சமையலறையும் பட்டறையும் அப்படியே இருக்கும். உலகமெங்கும் நிரல்கள் அவற்றை வைத்துப் பழகின. 2024இல் என்விடியா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபவுண்டேஷன்போஸ், முன்பின் பார்த்திராத பொருளையும் அதன் முப்பரிமாண மாதிரியையோ சில படங்களையோ காட்டினால் போதும், தனிப்பயிற்சி இல்லாமலே பின்தொடர்கிறது. மரப்பாச்சியை அதற்குக் கொடுத்துப் பார்த்தோம். எங்கள் இரண்டு ஆண்டு உழைப்பை அது ஒரு பிற்பகலில் எட்டியது. எனக்கு வருத்தமில்லை, அன்றைக்கு மாணவர்கள் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் எவர்சில்வர் டம்ளரில் அதுவும் தடுமாறுகிறது. அரிவாள்மணையை, இடியாப்ப உரலை, இட்லித் தட்டை எந்தத் தொகுதியிலும் நான் இதுவரை பார்க்கவில்லை. இங்கே இருக்கும் மாணவர்களுக்கு இதில் பல ஆண்டு வேலை காத்திருக்கிறது.

பேச்சு போதும். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. முன்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள். நீங்கள் வாங்கம்மா. இந்தாருங்கள் பொம்மை. கேமரா பக்கம் பார்க்காதீர்கள். அதற்குத் தெரிய வேண்டுமே என்று விரலை ஒதுக்காதீர்கள். வீட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள்.